புதுப்பிப்பு: சம்பள நாளில் வரும் குடி இச்சை, எனக்குக் கைகொடுத்தது எது

சம்பள நாள் மாலையில் குடிக்கத் தூண்டும் இச்சையை எப்படி எதிர்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கும் ஜெபித்தவர்களுக்கும் நன்றி.

உபவாசம் பலம் தந்தது. ஆனால் கடை வாசலைத் தாண்டும்போது அது மட்டும் போதவில்லை. கைகொடுத்தது, வேதாகமத்தில் ஆதியாகமம் 39-ஐக் காட்டிப் பதில் எழுதிய அண்ணன் சொன்ன யோசனைதான்: எஜமானின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிப்போனான். அதனால் பஸ் ஏறும் நிறுத்தத்தையே மாற்றினேன். ஏடிஎம் கார்டு மனைவியிடம். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ன்படி சபை மூப்பர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பள நாளில் வேலை முடிந்ததும் அவரே போன் போடுவார். நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை பேசிக்கொண்டே வருவார். என்னைக் கேட்டால், பாதிப் பலம் இதில்தான்.

எதிர்பாராதது ஒன்று. இச்சை நன்றாக அடங்கியபின் மைத்துனன் கல்யாணத்தில் மறுபடி தலைதூக்கியது. சந்தோஷமான இடத்தில் வரும் என்று நினைக்கவே இல்லை. லூக்கா 4:13-ல் இயேசுவைச் சோதித்து முடித்த பிசாசு ‘சிலகாலம்’ விலகிப்போனான் என்றுதான் இருக்கிறது, அதாவது சோதனை திரும்ப வரலாம் என மூப்பர் காட்டினார். அன்று மொய் எழுதி, சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டோம்.

தினமும் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள்.