போரைப் பார்க்காத நான் அம்மாவின் கதையை எழுதலாமா?

வேரடி:
அம்மா சின்ன வயதில் போருக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பியவர். அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் ஜிப் வைத்த ஒரு பையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், பீரோவுக்குள் போனதே இல்லை. இப்போது நானும் பாஸ்போர்ட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதையெல்லாம் எழுத ஆசை. போரை நான் பார்க்கவில்லை, அம்மா சொல்லவும் மாட்டார், அப்புறம் எதை எழுதுவது? இந்த மாதிரி புத்தகங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். இந்தப் பயம் ஜீன் வழியாக வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, உண்மையா?

நூலகப்பூனை:
தாராளமாக எழுதலாம். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' படியுங்கள், சித்திர வடிவில் இருக்கும், 1992ல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கியது. அவரும் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிறந்தவர்தான், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிய அப்பாவை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு வரைந்தார். எனக்கு அதில் முகாம் பகுதிகளைவிட அப்பாவும் மகனும் போடும் சண்டைதான் மனதில் நின்றது. தற்கொலை செய்துகொண்ட அம்மாவின் நாட்குறிப்புகளை அப்பா எரித்துவிட்டார் என்று தெரிந்ததும் மகன் அவரைக் கொலைகாரன் என்றே திட்டிவிடுவான். அந்த நாட்குறிப்பில் என்ன இருந்திருக்கும் என்று கதை கட்டி நிரப்பவில்லை பாருங்கள், அதுதான் விஷயம். நீங்கள் கேட்டபோது அம்மா பேச்சை மாற்றியது, எழுந்து போனது, இதெல்லாம் நீங்களே கண்ணால் பார்த்ததுதானே, அதை எழுதுங்கள்.

ஆய்வகவாசி:
ஜீன் சமாச்சாரத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 2015ல் வெளிவந்த ரேச்சல் யெஹூதா குழுவின் ஆய்வை வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். யூத இன அழிப்பில் உயிர் தப்பிய 32 பேர், அவர்களுடைய பிள்ளைகள் 22 பேர், அவ்வளவுதான். மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு ஜீன் மேல் ஒட்டும் வேதி அடையாளம் பெற்றோரிடம் கூடுதலாகவும் பிள்ளைகளிடம் குறைவாகவும் இருந்தது. ஜீனின் எழுத்து வரிசை மாறவில்லை. வளர்ப்பிலிருந்து வந்ததா, பிறப்பிலிருந்தா என்று அதில் பிரித்துச் சொல்ல வழியில்லை. பயந்த ஒருவர் கையில் வளர்ந்தால் பயம் தொற்றிக்கொள்ளும், அதற்கு ஜீன் எதற்கு?

தாழ்வாரம்:
தி பூய் 2017ல் வெளியிட்ட 'தி பெஸ்ட் வீ குட் டூ'வும் சித்திர நூல்தான், படித்துப் பாருங்கள். 1978ல் குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு வியட்நாமிலிருந்து படகில் கிளம்பியவர் அவர். தான் பிள்ளை பெறும் இடத்தில்தான் கதையை ஆரம்பிப்பார், அங்கிருந்து பெற்றோரின் சிறுவயது வரை பின்னால் போவார், அப்பா ஏன் அப்படி இருந்தார் என்று மெல்ல மெல்லப் புரியும். படித்து முடித்தால் எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றாது, கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் ஒன்று, அம்மாவைத் தோண்டித் துருவாதீர்கள். நீங்கள் ஒரு அத்தியாயத்துக்கு விவரம் சேர்ப்பீர்கள், ராத்திரி தூக்கம் போவது அவருக்கு. எழுதியதை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

வேரடி:
வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

தாழ்வாரம்:
எழுதி வையுங்கள், வெளியிடாதீர்கள்.

நூலகப்பூனை:
இதில் நான் மாறுபடுகிறேன். அம்மா ஓடிவந்த கதை அம்மாவுடையது, சரி. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தது நீங்கள், அதை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.