போர்டில் மட்டும் ஹார்டு ஃபால்ட்: -ஓ0-வில் ஓடுகிறது, -ஓ2-வில் விழுகிறது

அரைபைட்:
வணக்கம். இரண்டு நாளாக இதிலேயே மண்டை காய்கிறது. யுடிபி-யில் வரும் பேக்கெட்டைப் பிரிக்கும் சி நிரல். முதலில் 1 பைட் வகை, அடுத்து 2 பைட் நீளம், அப்புறம் வரிசை எண்ணும் நேரமும் தலா 4 பைட். "பஃபர் + 3" என்ற இடத்தை ஒரு ஸ்ட்ரக்ட் பாயின்டராக காஸ்ட் செய்து (அங்கே அந்த ஸ்ட்ரக்ட் இருப்பதாகக் கொள்ளச் சொல்லி) கடைசி இரண்டையும் எடுக்கிறேன்.

லேப்டாப்பில் ஒருநாளும் தகராறு இல்லை. கார்டெக்ஸ்-எம்4 சிப் உள்ள போர்டில், கம்பைலருக்கு -ஓ0 (மேம்படுத்தல் இல்லாமல்) போட்டால் ஓடுகிறது. -ஓ2 (வேகத்துக்காக மேம்படுத்தச் சொல்லி) போட்டால் முதல் பேக்கெட்டிலேயே ஹார்டு ஃபால்ட், அதாவது சிப் தவறு என்று நிரலை நிறுத்திவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு எண்களையும் எடுக்கும் வரிகளுக்கு நடுவே ஒரு பிரின்ட்எஃப் போட்டால் விழுவதில்லை. ஸ்டாக்கை இரட்டிப்பாக்கியும் பார்த்துவிட்டேன். கம்பைலரிலேயே பக் இருக்குமோ?

ஒற்றைப்படை:
கம்பைலரைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவுடன், தவறின் காரணத்தைக் குறித்து வைக்கும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது? விழுந்த இடத்து டிஸ்அசெம்பிளியையும் பாருங்கள்.

அரைபைட்:
சிஎஃப்எஸ்ஆர்: 0x01000000. நின்ற கட்டளை எல்டிஆர்டி (இரண்டு 4 பைட் எண்களை ஒன்றாக எடுப்பது).

ஒற்றைப்படை:
24-வது பிட். அலைன்மென்ட் தவறு, அதாவது முகவரி சரியான மடங்கில் இல்லை, என்று சிப்பே சொல்கிறது.

ஸ்ட்ரக்ட் பாயின்டராக காஸ்ட் செய்தபோதே, "இந்த முகவரி 4-ன் மடங்கு" என்று கம்பைலருக்கு நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். உண்மையில் அது பஃபரின் தொடக்கத்திலிருந்து 3 பைட் தள்ளி நிற்கிறது. எம்4-ல் ஒரே எண்ணை எடுக்கும் சாதாரண எல்டிஆர் கட்டளை இதைப் பொறுத்துக்கொள்ளும். எல்டிஆர்டி, பல எண்களை ஒன்றாக எடுக்கும் எல்டிஎம் இரண்டும் பொறுக்காது. -ஓ0-வில் இரண்டு தனித்தனி எல்டிஆர். -ஓ2-வில் பக்கத்துப் பக்கத்து எண்கள்தானே என்று ஒரே எல்டிஆர்டி-யாகச் சேர்த்துவிட்டது. பிரின்ட்எஃப் நடுவில் வந்ததும் சேர்க்க வழியில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். லேப்டாப்பின் எக்ஸ்86 சிப் பொதுவாக இதையெல்லாம் கண்டுகொள்ளாது. இன்னும் எளிய எம்0 சிப்பாக இருந்திருந்தால் -ஓ0-விலேயே விழுந்திருக்கும். உங்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

மெம்காப்பி மூலம் ஒரு லோக்கல் ஸ்ட்ரக்டுக்கு நகலெடுத்துப் படியுங்கள்.

சும்மா_ஒரு_பிட்:
எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? ஸ்ட்ரக்டில் பேக்டு (அலைன்மென்டை எதிர்பார்க்காதே என்ற குறிப்பு) போட்டால் ஒரே வரியில் முடிந்தது.

ஒற்றைப்படை:
அந்த ஸ்ட்ரக்ட் வழியாகவே படிக்கும்வரை சரி. யாராவது அதன் உள்ளே இருக்கும் எண்ணின் முகவரியை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், அந்த ஃபங்ஷனுக்கு பேக்டு என்பதே தெரியாது. பழைய கதைதான். ஜிசிசி கம்பைலரின் 9-ம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு எச்சரிக்கை வருகிறது.

அரைபைட்:
மெம்காப்பி போட்டேன். அதே இடம், அதே 0x01000000!

ஒற்றைப்படை:
மெம்காப்பிக்கு இரண்டாவதாக எதைக் கொடுத்தீர்கள்? அந்தப் பழைய ஸ்ட்ரக்ட் பாயின்டரையா?

அரைபைட்:
ஆமாம்...

ஒற்றைப்படை:
அதுதான். சிறிய, அளவு தெரிந்த மெம்காப்பியை கம்பைலர் ஃபங்ஷனாகவே அழைக்காது, நேராகக் கட்டளைகளாக மாற்றிவிடும். அப்போது பாயின்டரின் வகையைப் பார்த்து, "4-ன் மடங்குதானே" என்று மறுபடியும் எல்டிஆர்டி போடுகிறது. காஸ்டை அடியோடு எடுத்துவிட்டு, பைட் பாயின்டரான "பஃபர் + 3"-ஐ அப்படியே கொடுங்கள்.

அரைபைட்:
விழவில்லை! ஆனால் வரிசை எண் 1 வரவேண்டிய இடத்தில் 16777216 என்று வருகிறது.

ஒற்றைப்படை:
அதை ஹெக்ஸில் எழுதிப் பாருங்கள்: 0x01000000. சிஎஃப்எஸ்ஆரில் பார்த்த அதே எண், தற்செயல்தான், பயப்படாதீர்கள். பைட் வரிசை தலைகீழாகியிருக்கிறது. மாற்றி எழுதும்போது, நெட்வொர்க் பைட் வரிசையைச் சிப்பின் வரிசைக்கு மாற்றும் என்டிஓஹெச்எல் விட்டுப்போயிருக்கும்.

என்னைக் கேட்டால் மெம்காப்பி, என்டிஓஹெச்எல் இரண்டையும் விட்டுவிட்டு, நான்கு பைட்டையும் ஷிஃப்ட் செய்து சேர்க்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொள்வேன். அலைன்மென்ட், பைட் வரிசை இரண்டும் அதிலேயே அடங்கிவிடும், எந்தச் சிப்பிலும் ஓடும். ஒன்று மட்டும்: முதல் பைட்டை 24 பிட் நகர்த்தும் முன் 32 பிட் அன்சைன்டாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் அது குறியுள்ள (சைன்டு) இன்ட் ஆகிவிடும். மேல் பிட் 1-ஆக இருந்தால் என்ன நடக்கும் என்று சி மொழி உத்தரவாதம் தருவதில்லை.

சும்மா_ஒரு_பிட்:
மெதுவாகாதா?

ஒற்றைப்படை:
இப்போதைய ஜிசிசி, கிளாங் இரண்டும் இதை அடையாளம் கண்டு ஒரு எல்டிஆர், ஒரு ஆர்இவி (பைட் வரிசையைத் திருப்பும் கட்டளை) என்று சுருக்கிவிடுகின்றன. அலைன்மென்ட் சானிடைசரை (ஓடும்போதே இத்தகைய முகவரிகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டு லேப்டாப்பிலேயே ஒருமுறை ஓட்டுங்கள். எக்ஸ்86 மறைப்பதை அது காட்டிக்கொடுக்கும். இத்தகைய காஸ்டை எச்சரிக்கும் ஜிசிசி-யின் -டபிள்யூகாஸ்ட்-அலைன், வெறுமனே போட்டால் எக்ஸ்86-ல் வாயே திறக்காது; ஜிசிசி 8-லிருந்து அதற்கு =ஸ்ட்ரிக்ட் என்ற வடிவம் உண்டு, அதைப் போடுங்கள்.

அரைபைட்:
ஷிஃப்ட் ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டேன், -ஓ2-வில் வரிசை எண் 1, 2, 3 என்று ஒழுங்காக வருகிறது. சானிடைசர் இன்னும் இரண்டு இடம் காட்டியது. இரண்டும் அனுப்பும் பக்கத்தில், இதே காஸ்ட். மிக்க நன்றி. அதையும் மாற்றிவிட்டுச் சொல்கிறேன்.