பிள்ளைகளுக்கு வீடு கட்ட மிஷன் பயணம்: நேரில் போவதா, பணத்தை அனுப்புவதா?

நெகேமியா:
எங்கள் சபை வாலிபர் குழுவில் 14 பேர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் கட்ட இரண்டு வாரம் வெளிநாடு போகிறோம். விமானச் செலவுக்குக் காணிக்கை திரட்ட ஆரம்பித்ததும் வீட்டிலேயே இரண்டு கட்சி. "அந்தப் பணத்தை அப்படியே அனுப்பினால் போதாதா?" என்கிறார் அண்ணன். திக்கற்ற பிள்ளைகளை அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று வேதாகமத்தில் யாக்கோபு எழுதியிருக்கிறார். விசாரிப்பது என்றால் நேரில் போவதுதானே? வங்கியில் பணம் போடுவதையா சொன்னார்?

கொத்தனார் மகள்:
பிரதர், உங்களில் யாராவது கொத்துக்கரண்டி பிடித்திருக்கிறீர்களா? இப்படி வந்த ஒரு குழுவோடு எங்கள் அப்பா வேலை செய்திருக்கிறார். நல்ல பிள்ளைகள், வெயிலில் சளைக்காமல் நின்றார்கள். ஆனால் செங்கல்லை நனைக்காமல் வைத்தார்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் வெளியே சாய்ந்திருந்தது. அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அப்பா மூன்று வரிசையைப் பிரித்துக் கட்டினார், மனம் நோகக் கூடாதாம். கடைசி நாள் கூரைக்கு கான்கிரீட் போட்டு, ஜெபம் பண்ணி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கான்கிரீட் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றியது நானும் தம்பியும்.

எண்சுவடி:
1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அழித்தபோது வட அமெரிக்க சபைக் குழுக்கள் வீடு கட்டப் போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் பிறகு அங்கே விசாரித்து 2006இல் எழுதினார். உள்ளூர்க்காரர்கள் கட்டினால் ஒரு வீட்டுக்கு சுமார் 2,000 டாலர். ஒரு குழு வந்து கட்டினால் பயணத்தோடு சேர்த்து 30,000 டாலர். குடியேறியவர்கள் வாழ்க்கையில், யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. போய் வந்தவர்கள் அதற்குப் பிறகு அதிகம் கொடுத்ததாகச் சொன்னார்கள். காணிக்கைக் கணக்கில் அந்த அளவு உயர்வு தெரியவில்லை. உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி.

நெகேமியா:
கணக்கு மட்டும் பார்த்தால் ஊழியமே நடக்காது. 1976இல் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் தொடங்கிய, ஏழைகளுக்கு வீடு கட்டும் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு தன்னார்வலர்களின் கையால்தானே வளர்ந்தது? அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் சுத்தியலோடு போய் நின்றார். அவர் காசோலையை மட்டும் அனுப்பியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

கொத்தனார் மகள்:
ஹாபிடாட்டில் குடியேறப் போகும் குடும்பமும் சேர்ந்து வேலை செய்கிறது, வீட்டுக்கான கடனையும் அடைக்கிறது. அது ஒரு குடும்பத்துக்கான வீடு. நீங்கள் கட்டப் போவது இல்லம். இரண்டும் ஒன்றா?

அடைக்கலம்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இல்லத்தில் வளர்ந்தவன். அம்மா உயிரோடுதான் இருந்தார். சாப்பாடு போட்டுப் படிக்கவைக்க வழியில்லை, அவ்வளவுதான். வருடா வருடம் விருந்தினர் வருவார்கள், கட்டிக்கொள்வார்கள், போகும்போது அழுவார்கள். அவர்கள் பெயரையெல்லாம் முதல் இரண்டு வருடம் ஞாபகம் வைத்திருந்தேன். அப்புறம் பெயர் கேட்பதையே விட்டுவிட்டேன். அந்த இல்லம் இல்லாவிட்டால் படித்திருக்க மாட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்கு ஆன செலவை அம்மா கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

எண்சுவடி:
அண்ணே, நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009இல் எழுதியது. வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று அதே ஆண்டு ஐ.நா. நெறிமுறையும் வந்தது. கட்டிய இல்லத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள், நெகேமியா. கட்டில் போட்டால் பிள்ளை தேடுவார்கள்.

நெகேமியா:
கடைசி வரி கொஞ்சம் அதிகம். எல்லா இல்லமும் வியாபாரம் இல்லை. நிஜமாகவே யாருமற்ற பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குக் கூரை வேண்டும். ஆனால் அடைக்கலம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று தூங்கவில்லை. நாங்கள் கட்டப் போகும் இல்லத்தின் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்: எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், அந்தக் குடும்பங்களின் ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க நாங்கள் வரலாமா என்று. பதில் வரும்வரை டிக்கெட் எடுக்கப் போவதில்லை. போக வேண்டும் என்ற பாரம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கொத்தனார் மகள்:
போனால் முதல் நாளே கூரை போடச் சொல்லுங்கள். ஏழு நாளும் நீங்களே தண்ணீர் ஊற்றலாம். அதற்கு அனுபவம் தேவையில்லை.