ஒன்பது நாள் பயணமும் ஒரு தோழியின் கேள்வியும்

கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது, இருபத்திரண்டு மாணவர்களும் இரண்டு பேராசிரியர்களும் அடங்கிய குழுவில் ஒருவனாக நெதர்லாந்துக்கு ஒன்பது நாள் கல்விப் பயணம் சென்று வந்தேன். இத்தகைய பயணங்களால் உலகப் பார்வை விரிகிறது, தன்னம்பிக்கை வளர்கிறது என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒன்பது நாளில் ஒரு நாட்டின் மொழியோ மக்களோ எவருக்கும் பிடிபட்டுவிடுவதில்லை, எங்களுக்கும் பிடிபடவில்லை. பேருந்திலும் விடுதியிலும் பெரும்பாலும் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை. ஆனால் அந்தப் பேச்சில்தான் எனக்கு ஒன்று கிடைத்தது.

1953 பிப்ரவரி 1 அன்று வடகடலின் புயல்வெள்ளம் கரைகளை உடைத்து உள்ளே புகுந்ததில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பின்னர் தொடங்கிய டெல்டா என்ற வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் மிகப் பெரிய கட்டுமானமான ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பைப் பற்றி வகுப்பிலேயே படித்திருந்தோம். 65 கான்கிரீட் தூண்கள், அவற்றுக்கிடையே 62 இரும்புக் கதவுகள், தூண் ஒன்றின் எடை ஏறத்தாழ 18,000 டன் என்றெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தத் தடுப்பின் மேல் நின்று, கடலின் ஓதநீர் தூண்களுக்கிடையே சுழித்துக்கொண்டு பாய்வதைப் பார்த்தபோது, மனப்பாடம் செய்த எண்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அருகில் நின்றவர் பேசியதும் அந்த இரைச்சலில் காதில் விழவில்லை.

எங்கள் குழுவில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் ஐந்து பேரும் இருந்தார்கள். அவர்களில் ஒரு தோழி, எங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த முதியவரிடம், “வெள்ளத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், முழுவதும் அடைத்துவிடாமல் கதவுகளை ஏன் திறந்தே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். பொறியியல் மாணவர்கள் சிலர் சிரித்தோம், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் முழுவதும் அடைப்பதாகத்தான் திட்டம் இருந்தது என்றும், அடைத்தால் உவர்நீரும் ஓதமும், அதாவது கடல் நீரின் ஏற்றவற்றமும், நின்று சிப்பி வளர்ப்பும் பறவைகளின் வாழிடமும் அழியும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள் என்றும், 1970களில் அரசு திட்டத்தையே மாற்றி, அதிகச் செலவானாலும் பரவாயில்லை என்று புயல் வரும்போது மட்டும் இறக்கும் கதவுகளை அமைத்தது என்றும், தடுப்பு 1986இல்தான் திறக்கப்பட்டது என்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பாடக்குறிப்பில் கதவுகளின் அகலமும் உயரமும் இருந்தன. கதவுகள் ஏன் வந்தன என்பது ஒரு வரியாகக்கூட இல்லை.

எங்கள் பேராசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரவு உணவுக்குப் பின் அனைவரும் வட்டமாக அமர வேண்டும். அன்று தான் கண்டதைச் சொல்லக்கூடாது, குழுவில் இன்னொருவர் கவனித்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு இரவுகள் இது பெரும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் பகல் முழுவதும் யார் பேச்சையும் நாங்கள் காதில் வாங்கியிருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து வேறு வழியின்றிக் கேட்கத் தொடங்கினோம். அன்றிரவு நான் அந்தத் தோழியின் கேள்வியைத்தான் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து.

ரோட்டர்டாமுக்கு அருகிலுள்ள மேஸ்லாண்ட் தடுப்பைப் பார்த்த அன்று விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு மிதவைக் கதவுகளை எப்போது மூடுவது என்பதை அங்கே கணினியே முடிவு செய்கிறது; ஓஸ்டர்ஸ்கெல்டேயில் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள், கணினி துணைக்கு இருக்கிறது. எதை நம்புவது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இன்றுவரை என் தரப்பு எதுவென்று எனக்கே உறுதியில்லை.

ஆம்ஸ்டர்டாமில் கழித்த ஒன்றரை நாளைப் பற்றி எழுத எதுவுமில்லை. நிறையப் புகைப்படங்கள் இருக்கின்றன. பயண ஏற்பாட்டாளர்கள் ஒரே நாளில் நான்கு இடங்களைத் திணித்திருந்ததால், அவ்வர்கெர்க் என்ற சிற்றூரில் இருக்கும் வெள்ள அருங்காட்சியகத்தில் நாற்பது நிமிடம்தான் கிடைத்தது என்பதே என் பெரிய குறை. 1953 நவம்பரில் கரையின் கடைசி உடைப்பை அடைக்க இறக்கிய ராட்சதக் கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே அந்த அருங்காட்சியகம் இயங்குகிறது. பேருந்துக்கு நேரமாயிற்று என்று அழைத்தபோது எங்களில் பாதிப்பேர் இன்னும் முதல் பெட்டியிலேயே நின்றிருந்தோம்.

மறு ஆண்டு இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஓர் ஓடையின் குறுக்கே சிறிய தடுப்பணை ஒன்றை வடிவமைத்தேன். முதல் வரைவை வழிகாட்டியிடம் கொடுப்பதற்கு முன், அதே தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். கணக்குகளை அவள் தொடவில்லை. முதல் பக்க ஓரத்தில் பென்சிலால், “இந்தத் தண்ணீர் இதுவரை யாருக்குப் போய்க்கொண்டிருந்தது?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வரைபடங்களைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரம் அந்த ஓடையின் கீழ்ப்பகுதியில் நடந்து திரிந்தேன்.