மறு: அறிவுத்தளம் வேண்டாம் என்றால் வேறு என்ன?

ஒரு குழு தன் குறிப்புகளை எழுதி வைத்து, வேண்டும்போது தேடி எடுக்கிற மென்பொருளை ஆங்கிலத்தில் knowledge base என்கிறார்கள்; அதைத் தமிழில் ‘அறிவுத்தளம்’ என்பது வேண்டாம் என்றால் வேறு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. குதிர் (நெல் சேமிக்கும் கூடு) என்று நேற்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது, கும்பகோணத்துக்காரனுக்கு அந்தச் சொல் இனிக்காமல் இருக்குமா. ஆனால் பாட்டி வீட்டுப் பத்தாயத்தை நினைத்துப் பார்த்தேன். மேலே கொட்டுவோம், கீழே இருக்கிற சின்ன வாயைத் திறந்து எடுப்போம், அடியில் கிடக்கும் பழைய நெல்தான் முதலில் வரும். நெல்லுக்கு அது நல்லது. எங்கள் குழுவுக்கு அதுதான் இப்போதைய வியாதியே. விதை, உரம், கொள்முதல் என்று விவசாயிகள் போனில் கேட்பதற்குப் பதில் சொல்கிற ஏழு பேர் நாங்கள். அரசு நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் வரை என்பது பொது விதி, மழை பிடித்துக்கொண்டால் சில வருடங்களில் தளர்த்துவார்கள். பழைய கோப்புகளில் தேடினால் என்றைக்கோ வந்த தளர்வு முதலில் வந்து நிற்கிறது, அதைப் படித்துச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

களஞ்சியமும் வேண்டாம். கலைக்களஞ்சியம் இருக்கிறது, நிரல் வைக்கும் இடத்தையும் களஞ்சியம் என்கிறோம். கும்பகோணம் பக்கத்துப் பாபநாசம் கோயிலில் அந்தப் பெரிய செங்கல் களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குவித்து வைக்கிற இடம். நமக்கு வேண்டியது எடுக்கிற இடம்.

அறிவுத்தளம் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் தரவுத்தளம், இயங்குதளம், இணையதளம் எல்லாம் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘தளத்துல போட்டுட்டேன்’ என்று ஒரு பெண் சொன்னாள், எந்தத் தளம் என்று கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று.

சொல்லை விடுங்கள், கருவி விஷயம் சொல்கிறேன், இரண்டும் தேடி எடுப்பதில்தான் போய் முட்டுகின்றன. குறிப்பு எழுதி வைக்கும் இரண்டு மென்பொருள்கள் புக்ஸ்டாக், டோக்குவிக்கி. புக்ஸ்டாக் அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்குவதால் புதிதாக வருபவருக்குச் சட்டென்று புரியும். டோக்குவிக்கி பக்கங்களை வெறும் உரைக்கோப்பாக வைத்துக்கொள்ளும், தரவுத்தளமே வேண்டாம், நகலெடுத்து வைப்பது சுலபம். ஆனால் எதை எடுத்தாலும் முதலில் ‘வயல்’ என்று தட்டிப் பாருங்கள். ‘வயலில்’ என்று எழுதியிருக்கும் பக்கம் சிக்காமல் போகலாம். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு அப்படி இல்லை: ‘ல்’ என்பது லகரமும் புள்ளியும், ‘லி’ என்பது லகரமும் கொக்கியும், புள்ளி வருகிற இடத்திலேயே பொருத்தம் அறுந்துவிடுகிறது. ‘நெல்’ போட்டால் ‘நெல்லை’ மாட்டலாம், அங்கே புள்ளி அப்படியே நிற்கிறது. ‘ஆறு’ போட்டால் ‘ஆற்றில்’ கிடைக்குமா, யோசித்துக்கொள்ளுங்கள். இதில் குறுவையைக் குருவை என்று எழுதும் புண்ணியவான்கள் வேறு. போஸ்ட்கிரெஸ் என்கிற தரவுத்தள மென்பொருள் 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் தமிழுக்கும் வேர்ச்சொல் பிரிக்கும் அகராதியைச் சேர்த்தது. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் கருவி அதைக் கூப்பிட வேண்டுமே! ஆங்கிலத்துக்கென்று அமைத்து அனுப்பிவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

சரி, என் சொல்: குறிப்படைவு. புலவர்கள் சொல்லடைவு போட்டுத் தந்தது எந்தச் சொல் எந்தப் பாட்டில் என்று தேடி எடுக்கத்தானே. அறிவு ஆட்களிடம் இருக்கிறது, எழுதி வைப்பது குறிப்பு. ஈழத்து நண்பர்கள் சிரிப்பார்கள், அங்கே நகையை அடைவு வைப்பார்கள் என்று தெரியும். அடைவு என்றால் கோப்புகள் வைக்கும் இடம் என்று எழுதி வந்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். இருந்தாலும் குறிப்பு முன்னால் வந்துவிட்டால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். முகப்புப் பொத்தானில் மாற்றிவிட்டேன், அறுவடை முடியும்வரை ஓடட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள், ‘குறிப்பு அடைவு’ என்று இடம் விட்டு எழுதாதீர்கள். அப்புறம் அந்தச் சொல்லையே தேடி எடுக்க முடியாது.