குறிப்பு எழுதினேன், அம்மா ஃபோனில் தெரியவில்லை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நீலச்சுவடி

ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். பழைய வெள்ளப் படம் ஒன்று, "அணை உடைந்தது, இப்போது எடுத்தது" என்று சுற்றியது. எல்லாரும் பார்த்த வகைதான். படத்தை வைத்துத் தேடினால் பல வருடம் முந்தைய செய்தி ஒன்றில் அப்படியே இருக்கிறது. அந்த இணைப்போடு, எக்ஸ் தளத்தில் பதிவுக்குக் கீழே பயனர்களே விளக்கம் சேர்க்கும் 'சமூகக் குறிப்பு' ஒன்று எழுதி அனுப்பினேன். மற்ற பங்களிப்பாளர்கள் மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டால்தான் அது எல்லாருக்கும் தெரியும். அப்போது அந்தப் பதிவு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அம்மா பதறிப்போய் அதே பதிவைக் காட்டினார். "அதுக்குக் கீழ பாருங்கம்மா, நான்தான் எழுதியிருக்கேன்" என்றேன். "எங்கடா?" என்றார். இரண்டு ஃபோனையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே பதிவு, ஒரே படம். என் திரையில் படத்துக்குக் கீழே என் குறிப்பு, அதன் தலையில் 'இன்னும் மதிப்பீடுகள் தேவை' என்ற வரி. அம்மா திரையில் படம் முடிந்ததும் நேராகப் பகிர்வு எண்ணிக்கை. எதுவோ மறைந்திருப்பதுபோல அந்த இடத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

பங்களிப்பாளராகப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும் என்று சொன்னேன். "அப்ப உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே" என்றார். எல்லாத் தளங்களும் இந்த முறையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். இன்றைக்கும் போடுவேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

தும்பைப்பூ

எனக்கு நடந்தது நேர் எதிர். என் பதிவுக்கே குறிப்பு வந்தது. மருந்து ஒன்றைத் தடை செய்துவிட்டார்கள் என்று நம்பிப் பகிர்ந்திருந்தேன். பெயர் தெரியாத யாரோ இரண்டே வரி எழுதி, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிக்கையை இணைத்திருந்தார்கள். முகமெல்லாம் சூடாகிவிட்டது. உடனே பதிவை அழித்தேன்.

அழித்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. பதிவு அப்படியே இருந்திருந்தால் என்னிடமிருந்து எடுத்துப் பகிர்ந்தவர்களும் குறிப்பைப் பார்த்திருப்பார்கள். நான் என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆறாம்விரல்

நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு சின்ன உரையாடல் தளத்தில் சம்பளமில்லாத நெறியாளர்கள். பெயர் வேண்டாம். மூன்று மாதம் விடாமல் கேட்டபிறகு நிர்வாகம் ஒரு கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டது. முதல் கேள்வியே "தப்பான குறிப்பு வந்து யாராவது வழக்குப் போட்டால் யார் பதில் சொல்றது?" அதற்கு ஏதோ சமாளித்தோம். "ஆளைத் திரட்டிக்கிட்டு வந்து ஓட்டுப் போட்டா?" என்றபோது, "பெரும்பான்மை சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னது நான்தான்.

சோதனைக்கு அனுமதி கிடைத்தது. குறிப்புக்குக் கீழே மேல் அம்பு, கீழ் அம்பு, அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் வாரம் நன்றாகவே போனது. அப்புறம் ஒரு ராத்திரி, விளையாட்டு வீரர் ஒருவரின் காயம் பற்றிய வதந்திக்குச் சரியான குறிப்பு ஒன்று வந்தது. அது பிடிக்காத ரசிகர்கள் தங்கள் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டார்கள். பொய்யான இன்னொரு குறிப்பின் எண்ணிக்கை என் கண்முன்னே 9, 40, 300 என்று ஏறியது. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் ஒரு ஓட்டுதான். தளமே அந்தப் பொய்யைச் 'சரிபார்க்கப்பட்ட தகவல்' என்ற கட்டத்துக்குள் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் சோதனையை மூடிவிட்டார்கள். அதற்குப்பிறகு எங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை.

எக்ஸ் தளத்தின் குறிப்புகள் தலையை எண்ணுவதில்லை என்பதை அப்புறம்தான் படித்தேன். மற்ற குறிப்புகளில் வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் சேர்ந்து 'உதவுகிறது' என்றால்தான் அது வெளியே வரும். ஒரே பக்கத்து ஆட்கள் மட்டும் 300 பேர் வந்தாலும் குறிப்பு வெளியே வராது. நிரலும் தரவும் பொதுவில் கிடக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம். கூட்டத்துக்குப் போகுமுன் அதைப் படித்திருந்தால் அந்தத் தளத்தில் இன்றைக்கு இந்த வசதி இருந்திருக்கும்.

கறுப்புப்பேனா

என் கதை சின்னது: முதலில் எழுதிய பதினொரு குறிப்பில் ஒன்றுகூட வெளிவரவில்லை, பன்னிரண்டாவது வந்தது.

நீலச்சுவடி, தளத்தின்மேல் வருத்தப்படுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. ஆறாம்விரல் சொன்ன காரணத்தால்தான் தாமதமாகிறது. எதிரெதிர் ஆட்கள் வந்து பார்த்து ஒத்துப்போகும்வரை அது காத்திருக்கிறது. அவசரப்படுத்தினால் அந்த 300 பேர் கதைதான் நடக்கும். எழுதப்படும் குறிப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வெளியே வருவதே இல்லை. அதனால் எழுதும் விதத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

'பொய்', 'வதந்தி பரப்புகிறார்' என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே எதிர்ப்பக்கத்து ஆள் விலகிப்போவார். "இந்தப் படம் இன்ன வருடம், இன்ன இடத்தில் எடுத்தது" என்று நிறுத்துங்கள். ஒரு குறிப்பில் ஒரே ஒரு திருத்தம். பதிவில் நாலு தப்பு இருந்தாலும் எது ஆளைப் பதற வைக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். இணைப்பு மூல ஆவணமாக இருக்கட்டும், அதைப் பற்றி இன்னொருவர் எழுதிய கருத்தாக வேண்டாம். கருத்துக்கும் கணிப்புக்கும் குறிப்பு எழுதவே போகாதீர்கள்.

இன்னொன்று, முதலில் மதிப்பிடுங்கள். எக்ஸில் மற்றவர்கள் குறிப்பைச் சரியாக மதிப்பிட்டு 5 புள்ளி சேர்த்தால்தான் எழுதவே விடுவார்கள். எழுதும் உரிமை வந்ததும் நிறையப் பேர் மதிப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள். நம் மொழியில் குறிப்புகள் தேங்கிக் கிடப்பதற்கு என் கண்ணுக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. எழுத ஆள் உண்டு, படித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

ஒற்றைவரி

கறுப்புப்பேனா, மூல ஆவணத்தை இணையுங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எல்லா வதந்திக்கும் அது தயாராக இருக்குமா? தகவல் சரிபார்ப்புதான் என் வேலை. ஒரு காணொளியின் பின்னணியில் தெரிந்த கட்டடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகியிருக்கிறது. அது முடிந்த வாரத்தில்தான், எங்களோடு இருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று ஒரு தளத்திலிருந்து கடிதம் வந்தது. அதே நாள் ராத்திரி ஒரு குறிப்பைப் பார்த்தேன். அதில் இருந்த இணைப்பு என் கட்டுரைதான்.

வெளியிலுள்ள சரிபார்ப்பு நிறுவனங்களோடு 2016-இல் தொடங்கிய கூட்டணியை அமெரிக்காவில் நிறுத்துகிறோம், பதிலாகச் சமூகக் குறிப்புகள் வரும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2025 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டில் டிக்டாக் இதே போலப் பயனர்கள் எழுதும் 'அடிக்குறிப்புகளை'ச் சோதிக்கத் தொடங்கியபோது இருக்கிற சரிபார்ப்பாளர்களை வைத்துக்கொண்டே செய்தது. தளங்களிடம் கேட்கப் போகிறவர்கள் இந்த இரண்டாவது வழியைக் கேளுங்கள். குறிப்பு எழுதுகிறவர்களோடு எனக்குப் பகை இல்லை. நான் ராத்திரி கண்டுபிடித்ததைக் காலையில் லட்சம் பேரிடம் சேர்ப்பது நீங்கள்தான். 'பதிலாக' என்ற சொல்தான் என்னால் தாங்க முடியாதது.

சாமக்கோழி

எங்கள் வீட்டுக்கு வதந்தி வருவது பொதுப் பதிவில் இல்லை, மூடிய குழுக்களில். அங்கே யார் குறிப்பு ஒட்டுவது? தைவானில் 2016 முதல் கோஃபேக்ட்ஸ் என்று ஒன்று தன்னார்வலர்களால் நடக்கிறது. லைன் என்ற செய்திச் செயலியில் சந்தேகமான செய்தியை அதற்கு அனுப்பினால், ஏற்கெனவே யாராவது சரிபார்த்து எழுதிய பதில் திரும்பி வரும். தளத்தின் அனுமதிக்குக் காத்திருக்காமல் தொடங்கியவர்கள் அவர்கள். ஆறாம்விரல், உங்கள் மூன்று பேர் குழு இன்னும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

நீலச்சுவடி

எல்லாருக்கும் நன்றி. ஒற்றைவரி, நான் அன்று இணைத்ததும் உங்களைப் போல யாரோ தேடி வைத்த செய்திதான். கறுப்புப்பேனா, என் குறிப்பைத் திறந்து பார்த்தேன், முதல் சொல்லே 'பொய்'. மதிப்பிட நண்பர்களைக் கூப்பிடலாமா என்று யோசித்திருந்தேன். ஆறாம்விரல் எழுதியதைப் படித்தபிறகு விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். அம்மா கணக்குக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஃபோன் எண்ணும் சரிபார்த்தாயிற்று. பங்களிப்பாளராகச் சேர விண்ணப்பித்தோம், போன வாரம் அனுமதி வந்தது. நேற்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் குறிப்பை மதிப்பிட்டார். இருபது நிமிஷம் ஆனது. 'உதவவில்லை' என்று அழுத்தினார். எனக்கு அது நல்ல குறிப்பாகத்தான் பட்டது. ஏன் என்று கேட்டேன்.

"இணைப்பைத் திறந்து முழுசாப் படிச்சேன்டா. இவங்க சொல்றது அதுல இல்ல."

நான் அந்த இணைப்பைத் திறக்கவே இல்லை.