கலைவழி ஆய்விதழுக்கு நாம் அனுப்புவது 'கட்டுரை' இல்லையென்றால் வேறு என்ன? (கலைச்சொல் வேண்டுகோள், அவசரம்)

மா.தெ., நாகர்கோவில்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேடு அச்சுக்குப் போக வேண்டும். நுண்கலை, நிகழ்கலை மாணவர்களுக்கான பயிலரங்கு. தங்கள் படைப்புப் பணியையே ஆய்வாக அமைத்து, வல்லுநர் மதிப்பாய்வு உள்ள இணைய இதழுக்கு அனுப்புவது எப்படி என்பது பாடம். 'ஜர்னல் ஃபார் ஆர்ட்டிஸ்டிக் ரிசர்ச்' இதழின் நடைமுறையை மாதிரியாக எடுத்திருக்கிறேன். 2011-இல் முதல் இதழ் வந்தது. சந்தா கிடையாது, யாரும் படிக்கலாம்.

அந்த இதழ் தனக்கு வருவதைக் கட்டுரை என்று சொல்வதில்லை, 'எக்ஸ்பொசிஷன்' என்கிறது. வேர்டு கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் வழக்கமும் இல்லை. 'ரிசர்ச் கேட்டலாக்' என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, அங்கேயே பக்கத்தை அமைக்க வேண்டும். எழுத்து, படம், ஒலி, காணொளி எதையும் பக்கத்தில் விரும்பிய இடத்தில் வைக்கலாம். மதிப்பாய்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

என் மாணவர் ஒருவர் பறை காய்ச்சுவதை ஆய்வாக எடுத்திருக்கிறார். வைக்கோல் தீயில் காட்டுவதற்கு முன் அடித்தது ஓர் ஒலித்துண்டு. தோல் இறுகிய பின் அதே கை, அதே அடிக்குச்சி, அதே அடி, இன்னோர் ஒலித்துண்டு. இரண்டுக்கும் நடுவில் தீயின் படம், கீழே நான்கு வரி. இரண்டு ஒலிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவருடைய வாதம் காதிலேயே நடந்துவிடுகிறது. 'கட்டுரை' என்று நான் சொன்னால் ஒலிகளை எடுத்துவிட்டு எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார். 'படைப்பு' என்றால் அந்த நான்கு வரியையும் நீக்கிவிடுகிறார். இரண்டும் சேர்ந்து நின்றால்தான் ஆய்வு என்று அவருக்குப் புரியவைக்கும் சொல் எனக்கு வேண்டும்.

கூடவே 'ஆர்ட்டிஸ்டிக் ரிசர்ச்', 'பியர் ரிவியூ' (அதே துறையில் இருப்பவர்கள் செய்யும் மதிப்பாய்வு) இரண்டுக்கும் நல்ல தமிழ் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

க.வே., திருச்சி

அம்மா, 'ஆர்ட்டிஸ்டிக் ரிசர்ச்' முதலில். 'கலையாய்வு' போதும். 'கலைவழி', 'கலைசார்' என்று ஒட்டுப் போட வேண்டியதில்லை. அது வேற்றுமைத்தொகை. கலையை ஆய்தல் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை, கலையால் ஆய்தல் மூன்றாவது, கலைக்கு ஆய்தல் நான்காவது. தொகை இப்படிப் பல பொருளுக்கு இடங்கொடுக்கும் என்பதைத் 'தொக்குழி மயங்குந' என்று நன்னூலார் சொல்லியே வைத்திருக்கிறார். தமிழ் சுருக்கமாகச் சொல்லக்கூடியதை ஏன் நீட்ட வேண்டும்?

சு.இ., யாழ்ப்பாணம்

ஐயா, நீங்கள் சொன்ன மூன்று விரிவும் லண்டனில் கலைக்கல்விப் பேராசிரியர் கிறிஸ்டபர் ஃபிரேலிங் 1993-இல் பிரித்த மூன்றோடு பொருந்துகின்றன: கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு. ஆனால் அவர் பிரித்தது மயக்கம் தீருவதற்காக. நாம் தொகையை வைத்தால் மயக்கம் திரும்பி வந்துவிடும். கோயில் ஓவியம் ஒன்றின் காலத்தைக் கணித்து எழுதுகிற மாணவியும் தன்னுடையது கலையாய்வு என்பாள். அது கலை வரலாறு, அதற்கு வேறு இதழ்கள் உண்டு. இங்கே மூன்றாம் வேற்றுமை வெளிப்படையாக விரியத்தான் வேண்டும். 'கலைவழி ஆய்வு' என்பது என் வாக்கு.

க.வே., திருச்சி

மூன்றாம் வேற்றுமை மட்டும் போதாது. டச்சு ஆய்வாளர் ஹெங்க் போர்க்டார்ஃப் இதே பொருள்பற்றி 2006-இல் எழுதியதைப் பாருங்கள். கலை பற்றியது, கலைக்கானது என்ற இரண்டோடு, கலையின் உள்ளே நிகழும் ஆய்வு என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். அது ஏழாம் வேற்றுமை, 'கலைக்கண் ஆய்வு'. 'வழி' என்று சொன்னால் கலை ஒரு கருவி, ஆய்வு வேறெங்கோ இருக்கிறது என்று ஆகிவிடும். பறை அடிப்பவருக்கு ஆய்வு பறைக்குள்தான் நடக்கிறது. எல்லா உருபையும் தாங்குவது தொகை ஒன்றே. ஆகவே மறுபடியும் கலையாய்வு.

நா.ப., பெங்களூரு

பெரியோர் மன்னிக்க. அக்கா கேட்டது எக்ஸ்பொசிஷனுக்குச் சொல், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். மென்பொருள் மொழிபெயர்ப்பில் நாங்கள் பார்க்கும் முதல் சோதனை, பொத்தானில் அந்தச் சொல்லைப் பார்த்தவர் தயங்காமல் அழுத்துவாரா என்பது. 'வெளிப்பாடு' உணர்ச்சிக்குப் போய்விட்டது. 'வெளியீடு' பதிப்பகத்தாருடையது. 'கண்காட்சி' என்றால் சுவரில் மாட்டியதாக நினைப்பார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லே கண்காட்சியைத்தான் குறிக்கிறது என்பதால் குழப்பம் இரட்டிக்கும். நான் முன்வைப்பது 'காட்டுரை'. காட்டும் உரை, வினைத்தொகை.

க.வே., திருச்சி

தம்பி, காடு + உரை என்ன ஆகும்? நெடில்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டும்: காட்டுரை. காட்டுப்பன்றி, காட்டுவழி, காட்டுரை. முதல் வகுப்பிலேயே மாணவர்கள் சிரித்துவிடுவார்கள்.

நா.ப., பெங்களூரு

'எடுத்துக்காட்டு' என்ற சொல்லில் யாரும் காட்டைத் தேடிப் போவதில்லை ஐயா.

சு.இ., யாழ்ப்பாணம்

நம்மிடம் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? அரங்கேற்றம். சுவாமி விபுலானந்தரின் யாழ் நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவருடைய கணக்கின்படி அமைத்த யாழும் அங்கே மீட்டப்பட்டது. சிலப்பதிகார அடிகளிலிருந்து நரம்புகளின் சுருதியைக் கணித்து, மறைந்துபோன கருவியை மறுபடி உருவாக்கி, நூலையும் ஒலியையும் ஒரே சபையில் அறிஞர் முன் வைத்தார். அக்கா கேட்கிற எழுத்தும் ஒலியும் சேர்ந்த வாதம் இதைவிடத் தெளிவாக வேறெங்கே இருக்கிறது? 1936-இல் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். 'அரங்கேற்றுரை' என்று வைப்போம்.

மா.தெ., நாகர்கோவில்

சு.இ. அவர்களே, யாழ் நூலைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சேர்க்கிறேன். மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. சொல்லில்தான் தயக்கம். இங்கே அரங்கேற்றம் என்றால் மண்டபம், அழைப்பிதழ், பட்டுப்புடவை, பரதநாட்டியம் என்று ஆகிவிட்டது. கற்று முடித்ததற்கு அடையாளமாகச் செய்வது அது. இதழுக்கு அனுப்புவதோ முடியாத வேலை. மதிப்பாய்வாளர் கேள்வி கேட்பார், பக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும், சில வேளை திரும்பியும் வரும். பாதியில் இருப்பதைக் கொண்டுபோகும் துணிவு மாணவர்களுக்கு வர வேண்டும் என்பதே என் கவலை.

இரா.கு., சிங்கப்பூர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிலப்பதிகாரம் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறது? 'உரையிடை யிட்ட பாட்டுடைச் செய்யுள்'. பாட்டின் நடுவே உரை, ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிறது. அக்காவின் மாணவர் இரண்டு ஒலிக்கு நடுவே நான்கு வரி வைத்திருப்பதும் அதுதான். 'உரையிடையீடு' என்பது என் முன்மொழிவு.

இன்னொன்று. கலைஞர் தம் படைப்பைப் பற்றித் தாமே எழுதக் கூச்சப்படுவார்கள். தான் தன்னைப் புகழ்தல் தகுதியன்று என்று நன்னூல் பாயிரம் சொல்வதும் உண்மை. ஆனால் அடுத்த நூற்பாவிலேயே விலக்கு இருக்கிறது: 'மன்னுடை மன்றத் தோலைத் தூக்கினும்', தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழலாம். அரசவைக்கு ஓலை எழுதும் இடம் முதலாவதாக வருவதைக் கவனியுங்கள். இதழுக்கு எழுதும் சுருக்கவுரை அந்த ஓலைதான். இதை மாணவர்களிடம் சொன்னால் கூச்சம் போய்விடும்.

க.வே., திருச்சி

இரா.கு. சொன்னது அருமை. 'இடையீடு' மட்டும் வேண்டாம்; இன்று அதற்கு இடையூறு, தலையீடு என்ற பொருள்தான் முன்னால் வரும்.

பியர் ரிவியூவுக்கு வருகிறேன். 'இணையர்' என்றால் கணவன் மனைவி என்று ஆகிவிட்டது. 'ஒப்பார்' சொன்னால் ஒப்பாரி காதில் விழும். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள்: 'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால் தங்கணத்தார் அல்லார்முன் கோட்டி கொளல்'. தம் கணத்தார் அல்லாதவர் முன் பேசுவது முற்றத்துச் சேற்றில் அமிழ்தம் சிந்துவதற்கு ஒப்பு. கணம் என்றால் கூட்டம், இனம். தம் கணத்தார் என்பதை விடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்? 'கணத்தார் மதிப்பீடு'. வேண்டுமானால் மதிப்பீட்டுக் குழுவையே 'கோட்டி' என்று அழைக்கலாம்.

நா.ப., பெங்களூரு

ஐயா, நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். 'கணத்தார்' என்று அச்சிட்டால் ஒரு நொடியில் மதிப்பிடுவார்கள் என்று படிப்பார்கள். 'துறைவல்லுநர் மதிப்பாய்வு' எல்லோருக்கும் புரிகிறது.

க.வே., திருச்சி

வல்லுநர் மேலே இருப்பவர். பியர் என்பவர் பக்கத்தில் இருப்பவர். பொருளே மாறிவிடுகிறது. இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலுக்கு வந்த உரைகளை எல்லாம் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மனை உட்கார வைத்த கதை அனைவரும் அறிந்தது. ஊமைப் பிள்ளை. நக்கீரனார் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று சங்கத்தார் கொண்டார்கள். கலையை மதிப்பிடுகிறவனுக்கு வேண்டியது பட்டம் அன்று, உணர்கிற உடம்பு. பறைக்கு மதிப்பாய்வாளர் பறை கேட்டு வளர்ந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பொருள் 'வல்லுநர்' என்பதில் இல்லை.

மா.தெ., நாகர்கோவில்

ஐயா சொல்வது என் மனத்தில் இருப்பதேதான். இந்த இதழில் மதிப்பாய்வாளர் பெயர் படைப்பாளிக்குத் தெரியாது. படைப்பாளி யார் என்பது மதிப்பாய்வாளருக்குத் தெரியும். பறை அடிப்பவரின் முகம் காணொளியில் இருக்கும்போது பெயரை மறைத்து என்ன பயன்? நம் அவையில் இருவரும் நேருக்கு நேர் இருந்தார்கள். இங்கே ஒருவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார். ஆகவே 'அவை' சேர்ந்த சொற்களையும் நான் தவிர்க்கிறேன்.

காட்டுரை பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பாடிக் காட்டு, ஆடிக் காட்டு, செய்து காட்டு. கலை கற்பிக்கும் எந்த வீட்டிலும் நாள் முழுவதும் கேட்கும் சொற்கள் இவை. இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1916-இல் பரோடா இசை மாநாட்டில் தம் சுருதிக் கணக்கை முன்வைத்தபோது, அவருடைய மகள்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். கணக்குச் சரியா என்பதை அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் அவையினர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 'காட்டு' என்ற துணைவினைக்குள் செய்கையும் சான்றும் ஒன்றாக இருக்கின்றன. காட்டுக்குப் போய்விடும் என்ற ஆபத்து உண்மைதான். ஆனால் என் மாணவரிடம் இன்று காலை 'காட்டுரை கொண்டு வா' என்றேன். இரண்டு ஒலியையும் நான்கு வரியையும் சேர்த்தே கொண்டு வந்தார்.

இரா.கு., சிங்கப்பூர்

அப்படியானால் நானும் காட்டுரைக்கு வருகிறேன். மாணவர் புரிந்துகொண்ட பிறகு எனக்கு மறுப்பில்லை.

மா.தெ., நாகர்கோவில்

நாளை காலை அச்சகத்துக்குப் போகிறது. கலைவழி ஆய்வு, காட்டுரை, துறைவல்லுநர் மதிப்பாய்வு. முதல் முறை வரும் இடங்களில் 'எக்ஸ்பொசிஷன்', 'பியர் ரிவியூ' என்று பக்கத்தில் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது சொல்லில் எனக்கு நிறைவில்லை. நேரம் இல்லாததால் ஏற்கிறேன். அனைவருக்கும் நன்றி.

க.வே., திருச்சி

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன், உடன்படவில்லை. 'கலைவழி' என்பது கலையைத் தெருவாக்கிவிட்டு ஆய்வை வேறு வீட்டில் குடிவைக்கிறது. என் எழுத்தில் கலையாய்வு என்றே எழுதுவேன். காட்டுரையையாவது 'காட்டியுரை' என்று மாற்ற முடியுமா என்று அச்சகத்தில் கேளுங்கள். செய்து காட்டியபின் உரைப்பது, புணர்ச்சிக் குழப்பமும் இல்லை.

சு.இ., யாழ்ப்பாணம்

நாங்கள் இங்கே எங்கள் மாணவர்களுக்கு 'அரங்கேற்றுரை' என்றே கொடுக்கப்போகிறோம். எங்களுக்கு யாழ் நூலின் அரங்கேற்றம் இன்னும் பட்டுப்புடவையாகிவிடவில்லை.

மா.தெ., நாகர்கோவில்

அப்படியே செய்யுங்கள். ஆனால் உங்கள் தாளிலும் பக்கத்தில் 'எக்ஸ்பொசிஷன்' என்று போட்டுவிடுங்கள்; இரண்டு பக்கத்து மாணவர்களும் ஒரே தளத்தில்தான் கணக்குத் தொடங்கப் போகிறார்கள். க.வே. ஐயாவுக்கு: அச்சகத்தார் எழுத்துக்கோத்து முடித்துவிட்டார்கள். 'காட்டியுரை'யை இரண்டாம் பதிப்புக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.